வெள்ளை வேன்

வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் அக்கா சொன்னார்: "நாளையிலிருந்து பஸ்ஸுல வராதீங்க கண்ணு. உங்க லைன் வீட்டு முக்குலயே கம்பெனி வேன் வந்து நிக்கும்."

பெருமாநல்லூர் பக்கத்துப் பனியன் கம்பெனி அது. தைத்து வரும் பனியன்களில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை எனக்கு. நானும் அம்மாவும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். சில வருடம் முகாமில் இருந்துவிட்டு, அனுமதி வாங்கி இங்கே வாடகைக்கு வந்திருந்தோம்.

மறுநாள் காலை வந்து நின்றது வெள்ளை வேன். கண்ணாடியெல்லாம் கறுப்புத் தாள்.

எங்கள் ஊரில் அதை வான் என்போம். அண்ணா வாசலில் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்றில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். "விசாரிச்சுப்போட்டு பின்னேரம் கொண்டந்து விடுறம்" என்றார்கள். அவ்வளவுதான். உடம்பும் கிடைக்கவில்லை, சேதியும் இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வானிலை ஏறாதை பிள்ளை."

நான் ஏறவில்லை. எனக்கும் கால் நகரவில்லை என்பதே உண்மை. நடந்து போய் டவுன் பஸ் பிடித்தேன். மூன்று வாரம் தினமும் தாமதம். வேனில் வந்தால் வாந்தி வருகிறது என்று சூப்பர்வைசர் அக்காவிடம் பொய் சொன்னேன். அவர் அடுத்த நாளே எனக்காக எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். அந்தப் பழத்தைக் கையில் வாங்கியதும் பொய் தாங்கவில்லை. டீ நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கண் கலங்கினார். "அதெல்லாம் அங்கதானுங்க கண்ணு. இங்க யாரு உங்கள என்ன பண்ணப்போறாங்க?"

சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. "வேன் வருது, புடிச்சுட்டுப் போயிருவாங்க!" என்று ஒரு பெண் கத்த, மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அலுப்பில் யாரையாவது கேலி செய்யத்தானே வேண்டும். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அவர்களை மன்னித்துவிட்டேன்; அந்தச் சிரிப்புக்காக என்னை மன்னிக்க முடியவில்லை.

இனித் தாமதமாக வந்தால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார் மேனேஜர். மறுநாள் வேனில் ஏறினேன்.

அம்மா வெறுங்காலோடு ஓடி வந்தாள். கதவைப் பிடித்துத் தொங்கினாள். டிரைவரின் தோளில் மாறி மாறி அடித்தாள். "என்ரை பிள்ளையை எங்கை கொண்டுபோறியள்?"

டிரைவர் வயதானவர். அடியை வாங்கிக்கொண்டே பணிவாகச் சொன்னார்: "கம்பெனிக்குத்தானுங்கம்மா. பொழுதோட நானே கொண்டாந்து உட்டுர்றனுங்க."

அன்று கேட்ட அதே வாக்கை மறுபடி கேட்டதும் அம்மா போட்ட அலறலில் தெருவே வெளியே வந்துவிட்டது. திறந்த வேன் ஜன்னல்களில் இருபது முகங்கள். எனக்கு வெட்கம். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. கீழே குதித்து அம்மாவின் விரல்களைக் கதவிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்த்தேன்.

"அண்ணா செத்துப்போனான் அம்மா! எத்தனை வருசமாச்சு. செத்துப்போனான்!"

அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை வீட்டில் சொன்னதே இல்லை. அம்மாவின் கை தானாகத் தளர்ந்தது. திரும்பி உள்ளே போனாள். வேனில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா காலையில் வெளியே வருவதே இல்லை. நான் தினமும் அந்த வேனில்தான் போய் வருகிறேன். "பாத்தீங்களா, அம்மாளுக்கு இப்பத்தான் நம்மூரு பழகியிருக்குது" என்றார் வீட்டுக்காரம்மா. ஆமாங்க என்றேன்.

முன்பெல்லாம் அம்மா மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்லுவாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு, அண்ணாவின் பெயரும் அடையாளமும் வைத்து. இரண்டு மாதமாக அவள் கேட்கவில்லை. நானாகவே தாள் வாங்கிக்கொண்டு போய், எழுதட்டுமா என்று கேட்டேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"செத்தவனுக்கு என்னத்துக்குக் கடிதம்?" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.