புதையலை மறந்த ராசா

அவர் தேனியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். கிடா மீசை, கழுத்தில் எந்நேரமும் ஹெட்செட். கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் வீடியோ கேமில் நாங்கள் சிலர் ராசா கதை நடித்து யூடியூபில் லைவ் விடுகிறோம். அவர் ராசா, நான் மந்திரி. செத்தவர் அதே வேடத்தில் திரும்பக் கூடாதென்று சட்டம் போட்டவரும் அவரே.

ஒருநாள் நெட் சிக்கிய நேரத்தில் ராசா கேமில் ஓடும் நெருப்பாற்றில் விழுந்து செத்தார். மறுநாள் அவர் அரண்மனைக் காவல்காரனாக வந்து எனக்குக் கும்பிடு போட்டார். கதைக்காக ராசா ஒளித்துவைத்த புதையல் இருக்குமிடம் ராசாவுக்கு மட்டுமே தெரியும். அது கிடைக்காமல் கதை நகராது. எரிச்சலோடு கடைக்கே போனேன்.

"அண்ணே, புதையலை எங்கன வச்சீக?"

"அது ராசாவுக்குத்தேன் தெரியும். அவுகதேன் செத்துப்போனாகளே."

"அந்த ராசாவே நீங்கதானண்ணே!"

"நான் காவக்காரன்ப்பா. எங்கிட்ட எதுக்குச் சொல்லப் போறாக?" என்றபடி ஏலக்காயை நிறுத்தார்.

கத்திவிட்டு வந்தேன். இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஆவேசமாகத் தோண்டுகிறவர் அவர்தான். நேற்று என்னிடமே அலுத்துக்கொண்டார்: "இங்கனயும் இல்லையே மந்திரியாரே. எங்கனதேன் வச்சாகளோ அந்த மகராசன்!"