பெர்னிஸ் திருப்பி எறிந்த பந்து

எழுபத்துநான்காம் வருஷம் எங்கள் மோல்டர்ஸ் அணி ஆடியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சே, ஓஹையோவிலேயே அவ்வளவு மட்டமான பேஸ்பால் அணி கிடையாது. பந்து பிடிக்கக் கையுறை கொடுத்தால் அதைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற பயல்கள்! ஆனாலும் கேலரியின் மரப்பலகையில், பியரும் வேர்க்கடலையுமாக உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்களுக்கு மனசு ஏங்குகிறது. பாதிக் காரணம் பெர்னிஸ் வாய்டாக்.

உருக்காலை கேன்டீனில் சமைத்தவள். புருஷன் போன பிறகும் சீசன் டிக்கெட்டை விடவில்லை. எங்கள் கேலரிக்கு ஒரே சட்டம்: எதிரணி வேலி தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து வந்து விழுந்தால், மற்ற ஊர்களில் போல வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மைதானத்துக்கே திருப்பி எறிய வேண்டும். யாராவது தயங்கினால் பெர்னிஸ் விடமாட்டாள். "எச்சிப் பந்துக்கு இவ்வளவு ஆசையா? எறிடா!" என்று கிழித்துவிடுவாள். அந்த வருஷம் எறிந்து எறிந்து எங்களுக்குத் தோள்தான் வலித்தது.

ஆகஸ்டில் வந்த வெளியூர் அணியில் அவள் மகன் ரோமன் இருந்தான். வருஷக்கணக்காகச் சின்ன ஊர்களில் பஸ்ஸில் அலைந்து ஆடியவன். அந்தப் பெரிய அணியில் ஒருவனுக்குக் கால் முறிந்ததால் கொஞ்ச நாளைக்கு இவனை எடுத்திருந்தார்கள். பிள்ளை ஒரே ஒரு ஹோம் ரன்னாவது அடிக்கட்டும் என்று அவள் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அடித்தான். பந்து எங்கள் பலகையில் மோதி அவள் காலடிக்கு உருண்டது.

அவள் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வச்சுக்கோ பெர்னிஸ், எவன் கேக்குறான்னு பாத்துடலாம்" என்றேன்.

பின்வரிசைக் குடிகாரன் ஒருவன், "சட்டமெல்லாம் ஊருக்கு மட்டும்தானா?" என்று கத்தினான்.

பெர்னிஸ் பந்துக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். எழுந்து நின்று ஓங்கி எறிந்தாள். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அந்தக் குடிகாரனை அடிக்கப் போனேன்.

ஆட்டம் முடிந்ததும் ரோமன் வேலியோரம் வந்தான். எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் எடுத்துக்கொடுத்த அந்தப் பந்து அவன் கையில் இருந்தது.

"கோவமாடா ராசா?" என்றாள்.

"நல்லா கேட்ட போ! நீ எறியலைன்னாதான், அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பதறிப்போயிருப்பேன். இந்தா, இப்ப வாங்கிக்கோ."

அவள் வாங்கவில்லை. "நீயே வச்சுக்கோ. நாளைக்கு இன்னொண்ணு அடி, அதையும் எறியறேன்."

இன்னொன்று அவனுக்கு வாய்க்கவே இல்லை. அதைச் சொல்லி அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.