எவ்வளவு நைஸ்?

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் கணவர் இரண்டே கேள்விதான் கேட்டார். பெயிண்ட் அரைக்கும் மிஷின் பார்த்தபோதோ, அவருக்குப் பதில் சொல்லியே விற்பனைக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பக்கூடிய மிஷினுக்கு இத்தனை, எனக்கு இரண்டா என்று கேட்டேன்.

மைசூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்தவர் அவர். பெயிண்டைப் பற்றி டப்பாவுக்கு வெளியே உள்ளதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு ஷெட் பிடித்து, தனி ரகப் பெயிண்டுகள் செய்யத் தொடங்கினார். விடைபெற்ற அன்று, "இனிமேல் யாருக்கும் குட் மார்னிங் சொல்ல வேண்டியதில்லை" என்று மேலாளர் முன்னாலேயே பேசிவிட்டு வந்தார். முதல் பெரிய ஆர்டர், பள்ளிக்கூடங்களுக்குப் பச்சைப் பலகை செய்து தரும் ஒரு அம்மாள் கையில் இருந்தது. சாம்பிள் அவருக்குப் பிடித்தால் ஷெட் ஓடும். இல்லாவிட்டால் பழைய ஆபீஸ்தான். நாற்காலி காலியாகவே இருக்கிறது என்று மேலாளர் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த அம்மாள் கன்னடக்காரர், அளந்து பேசுபவர். "பெயிண்ட் நைஸாகி இர்பேகு, அஷ்டே" என்று முடித்துவிட்டார். நைஸாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நைஸ் என்ற சொல் கிரைண்டர் பக்கத்தில் மட்டும்தான் புழங்கும். இவர் வீட்டுக்குள் நுழையும்போதே, "நன்னா நைஸா அரைக்கணுமாம். நம்ம பழைய அரைக்கற டிரம்ல ஆகாது" என்றார்.

அப்படித்தான் கோயம்புத்தூர் விற்பனைக்காரர் வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த மிஷின், கடுகைவிடச் சின்ன மணிகள் நிறைந்த உருளை. பெயிண்டை உள்ளே செலுத்தினால் மணிகள் சுழன்று அரைத்துத் தள்ளும்.

"பெரிய மணி போட்டதும் இருக்குதுங்க, நைஸ் கொஞ்சம் கம்மி. அது போதுமுங்களான்னு பாருங்க சார்" என்றார் அவர்.

"போறாது" என்றார் இவர்.

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மிஷினை ஷெட்டிலேயே விட்டுப் போனார். இவர் பச்சை நிறம், கல்பொடி, எண்ணெய் எல்லாவற்றையும் அதில் விட்டு ஓட்டினார். என்னை அழைத்துப்போய், "தொட்டுப் பாரு" என்றார். விரலுக்கு நடுவே வெண்ணெயாக இருந்தது.

"இதுல எழுத வருமா?" என்றேன்.

"அவா நைஸ் கேட்டா, நைஸ் குடுக்கறோம்."

அக்ரஹாரத்துப் பள்ளிக்கூடத்தில் தினமும் பலகையில் கணக்குப் போட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். எத்தனையோ பேரை விசாரித்தவர், என்னிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சாம்பிள் பலகை பளபளவென்று போயிற்று. அந்த அம்மாள் சாக்பீஸை எடுத்து ஒரு கோடு இழுத்தார். கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு ஓடியது, கோடு விழவில்லை. "ஜாருத்தே" என்றார். வழுக்குகிறது. நீங்கள்தானே நைஸாகக் கேட்டீர்கள் என்று இவர் கன்னடத்தில் தடுமாற, "நைஸ் அந்த்ரெ சென்னாகி" என்றார் அவர். நைஸ் என்றால் நன்றாக. இன்னொரு தடவை கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நான் பின்னாலிருந்து சொன்னேன். "நீங்க தோசைக்கு அரைச்சிருக்கேள். இது அடை."

மறுநாள் நிறத்தை மட்டும் பழைய டிரம்மில் அரைத்தோம். கல்பொடியை அரைக்கவே இல்லை, சொரசொரப்பு போகாமல் கடைசியில் கொட்டிக் கலக்கியதோடு சரி. மிஷின் திரும்பிப் போயிற்று. "நெயில் பாலிஷ் செய்யறப்ப கூப்பிடுங்க சார்" என்று விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே ஏற்றிப் போனார். அத்தனை விசாரணைக்கும் முடிவில் நாங்கள் வாங்கியது ஒரு கலக்கும் மிஷின்.

சாம்பிள் காட்டும் காலையில் இவர் பழைய ஆபீஸ் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றார். "ஆகலைன்னா அங்கேர்ந்து நேரே போயிடறேன். ரெண்டு தடவை கிளம்ப வேண்டாம்" என்றார். கேலி செய்யத்தான் வாயெடுத்தேன். அதற்குப் பதில் ஸ்கூட்டரில் நானும் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் எழுதினார். கையாலேயே அழித்தார். மறுபடி, பலகை நிறைய, வெள்ளை வெளேரென்று எழுதினார். பக்கத்தில் நின்ற இவர் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"நைஸ்" என்றார் அம்மாள்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாகத்தான் என்று தலையாட்டினேன்.

வரும் வழியில் பழைய ஆபீஸ் கேட் வந்ததும் ஸ்கூட்டரை மெதுவாக்கினார். எனக்குத் திக்கென்றது. தூளைக்கூடத் தட்டாத சட்டையோடு, வாசலில் இருந்த காவலாளியைப் பார்த்து, "குட் மார்னிங்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினார். அந்த வாசலில் அவர் மனசாரச் சொன்ன முதல் குட் மார்னிங் அதுவாகத்தான் இருக்கும்.