மாஸ்டர் ஜெயித்த வருஷம்

பஸ் பணிமனையில் பிரேக் பார்ப்பதுதான் அவருடைய வேலை. காலை ஷிப்ட் முடிந்ததும் கையிலிருக்கும் கிரீஸை மரத்தூளில் தேய்த்துக் கழுவிவிட்டு நேராக மைதானத்துக்குப் போவார். நான்காம் பிரிவு லீக்கில் ஆடிய ஒரு சின்ன கால்பந்து கிளப்புக்கு அவர் மேனேஜர். எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பதவியை அவர் தேடிப் போகவில்லை. கிளப்பின் தலைவர் அவருடைய மனைவிக்கு அண்ணன், மரக்கடைக்காரர். இருந்த மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "மாப்ள, நீங்க ஒரு காலத்துல நல்லா ஆடினவருதானே, கொஞ்ச நாள் பாத்துக்குங்க" என்று தலையில் கட்டிவிட்டார். பெண் கொடுத்தவர் கேட்கும்போது எப்படி மறுப்பது?

முதல் சீசனில் அணி கடைசி இடத்துக்குப் போகாமல் தப்பியதே பெரிய பாடு. கோல் கீப்பர் ஊரில் சலூன் வைத்திருந்தார். பந்தைக் குத்தி வெளியேற்றச் சொன்னால், "விரல் போச்சுன்னா கத்திரிக்கோலை நீங்களா புடிப்பீங்க மாஸ்டர்?" என்பார். முன்வரிசையில் ஆடியவன் பார்சல் ஆபீஸில் மூட்டை இறக்கும் நெட்டையன். ஓடத் தெரியும், எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியாது. மாஸ்டர் அவனைத் தனியாக நிறுத்தி, பந்து வருவதற்கு முன்பே வரப்போகிற இடத்தைப் பார்க்கப் பழக்கினார். மழையிலும் விடவில்லை.

இரண்டாவது சீசனில் அது பலித்தது. நெட்டையன் தலையில் பட்டதெல்லாம் கோலானது. அணி மளமளவென்று மேலே ஏறியது. பணிமனையில் அதுவரை அவரை ஏறெடுத்துப் பார்க்காத ஃபோர்மேன்கூட, "என்ன மாஸ்டர், இந்தத் தடவை கப்பு நமக்குத்தானா?" என்று தோளில் தட்டினார்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் மச்சான் சாப்பிட வந்தார். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"மாப்ள, ரெண்டாவதா வந்தா போதாதா?"

மாஸ்டருக்குப் புரியவில்லை.

"மூணாம் பிரிவுக்குப் போகணும்னா ரெண்டு பக்கமும் கேலரி இருக்கணுமாம், விளக்குக் கம்பம் இருக்கணுமாம். நம்ம மைதானத்துல ஒரு பக்கம் ஐஸ் ஃபேக்டரி சுவரு. அதை இடிக்கவா முடியும்? முதல்ல வந்துட்டு மேல போகலன்னா பசங்க ஒருத்தன் நிக்க மாட்டான். ரெண்டாவதா வந்தா, அடுத்த வருஷம் பாக்கலாம்டான்னு சொல்லி அணியைக் கட்டிக் காப்பாத்திடலாம்."

"தோத்துப் போங்கடான்னு எப்படி மச்சான் சொல்றது?"

"சொல்ல வேணாம். நெட்டையனை உக்கார வெச்சிடுங்க. அது போதும்."

மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றாள். அண்ணனையும் பார்த்தாள், கணவனையும் பார்த்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று மட்டும் கேட்டாள்.

மச்சான் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் மாஸ்டரை வாட்டியது. தப்பாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் முதலிடம். ஆடுபவர்களின் பெயரைப் படித்தபோது நெட்டையனின் பெயர் வரவில்லை. நெட்டையன் கட்டிய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே போனது. "நெட்டையனை எறக்குய்யா!" என்று கூட்டம் கத்தியது. மாஸ்டர் காது கேளாதவர் போல நின்றார். தன் அணி கோல் போட்டுவிடக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தார்.

முடியும் நேரத்தில் சலூன்காரர் தன் கோல் பக்கத்திலிருந்து பந்தை ஓங்கி உதைத்தார். பின்னாலிருந்து காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. பந்து எதிரணிக் கீப்பருக்கு முன்னால் ஒரே ஒரு முறை தரையில் குத்தி, அவர் தலைக்கு மேலே எம்பி, வலைக்குள் விழுந்தது. உதைத்தவரே நம்பாமல் வாயைப் பிளந்து நின்றார்.

மாஸ்டரின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன. தொண்டை கிழியக் கத்திவிட்டார். கைகளை இறக்குவதற்குள் கேலரியிலிருந்து மச்சான் பார்த்துவிட்டார். பெஞ்சிலிருந்து நெட்டையனும் பார்த்துவிட்டான்.

மச்சான் சொன்னபடியே நடந்தது. மைதானம் போதாது என்று லீக் கைவிரித்தது. அவர்களுக்குப் பதிலாக இரண்டாவதாக வந்த கிளப் மேலே போனது. அந்தக் கிளப்புக்கே நெட்டையன் போய்ச் சேர்ந்தான். அவன் பின்னால் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சலூன்காரர் மட்டும் மிச்சம்.

"என் பேச்சைக் கேக்கற மாதிரி கேட்டுட்டு, உங்க இஷ்டத்துக்குத்தானே செஞ்சீங்க?" என்றார் மச்சான்.

"நான் உக்கார வெச்சேனே மச்சான்."

"நீங்க குதிச்சதை நான் பாத்தேன் மாப்ள."

அதற்கு மேல் என்ன சொல்வது? நான் தோற்கத்தான் பார்த்தேன், முடியவில்லை என்றா?

மூன்றாவது சீசனில் அடி மேல் அடி. இடைவேளையில் மாஸ்டர் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அணி கடைசியாக வந்து லீக்கை விட்டே இறங்கியது. மச்சான் ஆள் அனுப்பி மைதானத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். "அண்ணன்கிட்ட நான் பேசிப் பாக்கவா?" என்றாள் மனைவி. "வேணாம், உங்களுக்குள்ள மனஸ்தாபம் எதுக்கு?" என்றார். மூன்று வருஷத்தையும் கூட்டிப் பார்த்தால் அவர் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். கிளப் அறையில் தொங்கும் மேனேஜர்கள் பட்டியலில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு நாள் நெட்டையன் பணிமனை வாசலில் வந்து நின்றான். நல்ல ஷூ, நல்ல சட்டை. நலம் விசாரித்துவிட்டுத் தயங்கினான்.

"மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு என்னை ஏன் உக்கார வெச்சீங்க?"

உண்மையைச் சொன்னால் மச்சான் பெயர் சந்தி சிரிக்கும். மனைவி முகத்தில் விழிக்க முடியாது.

"உன் முட்டி சரியில்லன்னு தோணுச்சுப்பா."

"என் முட்டிக்கு ஒண்ணுமே இல்லியே மாஸ்டர்."

"அப்படியா? நான்தான் தப்பாப் பாத்துட்டேன் போல."

நெட்டையன், "சரி, வரேன்" என்று கிளம்பினான். உள்ளே யாரோ மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று வந்திருந்தது.