சூசையம்மாளின் மூன்று நிமிஷம்

ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீஸில் சூம்பிய காலை இழுத்துக்கொண்டே இருபது வருஷம் பெருக்கித் துடைத்தவள் சூசையம்மாள். அங்கே இருந்த பொது டெலிபோனில் வெளியூருக்கு டிரங்கால் போட வருகிறவர்களுக்கு அவள்தான் கடிகாரம்.

அப்போது மூன்று நிமிஷத்துக்கு ஒரு கட்டணம். அரை நிமிஷம் பேசினாலும் முழுக் காசு. மூன்றைத் தாண்டினால் அடுத்த மூன்றுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். சூசையம்மாளுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் ஜெபமாலையில் மணிக்கு ஒன்றாகப் பத்து மங்கள வார்த்தை ஜெபம் சொன்னால் மூன்று நிமிஷம் என்று போஸ்ட்மாஸ்டரே வாட்ச் வைத்துப் பார்த்திருந்தார். ஒன்பதாவது மணி உருண்டதும் கையைத் தூக்குவாள், பேசுகிறவர் வைத்துவிடுவார். சீக்கிரம் முடித்தாலும் விடமாட்டாள். "காசு குடுத்தாச்சி, இன்னும் நாலு மணி பாக்கி கீது, பேசு!" என்பாள். ஆடு மாடு வரைக்கும் நலம் விசாரித்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

எண்பத்தேழில் பொது டெலிபோனைத் தனியார் கையிலும் கொடுத்தார்கள். கால் ஊனத்துக்காகச் சூசையம்மாளுக்கும் ஒன்று கிடைத்தது. பஸ் நிற்கும் இடத்தில் சின்னப் பெட்டிக்கடை போட்டாள்.

"இன்னா சூசையம்மா, கவர்மெண்டு டெலிபோன் கம்பெனியவே உனக்கு வித்துட்டானாமே?" என்றான் டீக்கடை நாகப்பன்.

"வித்தா உன்னியும் சேத்து வாங்கிப்பேன். நூறு ரூபாய்க்குப் பேசினா எனக்கு ஏதோ கொஞ்சம், மீதி அவங்களுக்குத்தான். போ, பால் பொங்குது பாரு."

புது டெலிபோனில் நேராகவே வெளியூர் நம்பரைச் சுழற்றலாம். பக்கத்தில், அவளைப் பார்த்தபடி ஒரு மீட்டர். மூன்று நிமிஷக் கணக்கெல்லாம் இல்லை, பேசப் பேச அதில் காசு சிவப்பு எண்ணில் ஏறிக்கொண்டே போகும்.

முதல் வாரத்தில் மண்ணூர் பாஞ்சாலி வந்தாள். மகள் சரோஜாவுக்கு வேலூரில் தலைப்பிரசவம். மருமகன் பலராமன் வேலை பார்க்கும் கடைக்குப் பேசினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்கறோம். இன்னிக்கே வந்துடுங்க அத்தே" என்றான் அவன். பேச்சு முடிந்துவிட்டது. பாஞ்சாலி வைக்கப்போனாள்.

"வெச்சிடாதடி! இன்னும் ஏழு மணி பாக்கி கீது" என்றாள் சூசையம்மாள், பழைய பழக்கத்தில்.

பாஞ்சாலி எருமை கன்று போட்டதைச் சொன்னாள். மழையைச் சொன்னாள். ஒன்பதாவது மணியில் சூசையம்மாள் கையைத் தூக்கினாள். அப்போதுதான் மீட்டரைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

பாஞ்சாலி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இருந்ததெல்லாம் இந்தப் பேச்சுக்கே சரியாகப் போனது.

"இன்னாக்கா, நீ சொன்னியேன்னுதானே பேசிக்கினு இருந்தேன். இப்ப வேலூர் பஸ்ஸுக்கு இன்னா பண்ணுவேன்?"

சூசையம்மாள் எழுந்தாள். மாதா படத்துக்குப் பின்னால் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கென்று முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கல்லாவில் போட்டாள்.

"நீ பேசினது ரெண்டு ரூபாய்க்குத்தான். அத மட்டும் குடு. மிச்சம் நான் பேச வெச்சது."

"மாதா கோயில் காசாச்சேக்கா..."

"அந்தம்மாவும் புள்ள பெத்தவங்கதான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பஸ் வருது, ஓடு!"

பாஞ்சாலி போனதும் மீட்டரைப் பேசுகிறவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். மத்தியான வெயிலில் யாரும் வரவில்லை. சரோஜாவுக்காக ஜெபமாலையை முதலிலிருந்து உருட்டினாள். ஒன்பதாவது மணியில் கை தானாக எழுந்தது. அதை இறக்கிக்கொண்டு ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்தாள்.