இமயமலைக்குப் பூக் கேட்டது

இமயமலை ஏறுவதற்கு என்ன வேண்டும் என்று இன்று யாராவது கேட்டால் கயிறு, கோடாலி, கம்பளி என்று பட்டியல் போடமாட்டேன். ஒரு கையெழுத்து வேண்டும் என்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்த நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு கையெழுத்துக்காகப் பட்ட பாடு, மலை ஏறப் பட்ட பாட்டைவிடப் பெரிது.

நான் அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர். அஸ்தம்பட்டியில் வீடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கத்தோலிக்கக் குடும்பம், கல்யாணம் ஆகாதவள், வாய் கொஞ்சம் நீளம். இன்னொருவர் பூகோள டீச்சர். மல்லசமுத்திரத்துப் பக்கம் தோட்டம், கிணறு, மாடு கன்று என்று வாழ்ந்த விவசாயக் குடும்பம். பதினேழு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு கூடப்பிறந்த அண்ணன்தான் படிக்கவைத்து டீச்சர் ஆக்கினார். நான் சொல்லும் காலத்தில் பூகோள டீச்சருக்கு முப்பத்து மூன்று வயது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வகுப்பில் தொங்கும் படத்தில் பிரம்பை வைத்து, வருடா வருடம் பிள்ளைகளுக்கு இமயமலையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளி நூலகத்துக்கு வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில்தான் அந்த விளம்பரம் இருந்தது. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் வழிகாட்டியோடு போய் ஏறக்கூடிய, இருபதாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரம். காத்மாண்டு முகவரி. பூகோள டீச்சர் அதை மூன்று தடவை படித்தார்.

“ஏனுங்க டீச்சர், எட்டு வருசமாப் பனிமலை பனிமலைன்னு சொல்லிக் குடுக்கறேன். நான் ஐஸ் கட்டியைத் தவிர ஒண்ணும் பாத்ததில்லீங்க” என்றார்.

“அதுக்கென்ன, ஒரு கடிதம் போட்டுப் பார்ப்போம். காசா பணமா, ஒரு தபால்தலைதானே” என்றேன். என் வாய் அப்படித்தான். எதையும் ஆரம்பித்துவைக்கும்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. வழிகாட்டி சுத்தமான ஆங்கிலத்தில், தன் கையாலேயே எழுதியிருந்தார். ஏப்ரல் கடைசியில் வந்தால் போதும், கோடைவிடுமுறைக்குச் சரியாக இருக்கும். கயிறும் பனிக்கோடாலியும் கூடாரமும் அவரே தருவார். நாங்கள் கொண்டுவர வேண்டியவை கனமான பூட்ஸ், ஆளுக்கு ஆறு ஜோடிக் கம்பளிக் காலுறை, டாக்டர் சான்றிதழ். கடைசியில் ஒரு படிவம். அதில் நெருங்கிய உறவினர் ஒருவர், இந்தப் பயணத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடவேண்டும். அது இல்லாமல் அனுமதி வாங்கமுடியாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

என் படிவத்தில் அப்பா மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார். ஏற்காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் காகிதம் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. பூகோள டீச்சருடைய படிவம் மட்டும் அவருடைய அட்லஸுக்குள்ளேயே கிடந்தது. அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்கு நடுக்கம்.

கேட்காமலேயே ஏற்பாடுகளை ஆரம்பித்துவிட்டோம். ஆசை முந்திக்கொண்டது. கடைவீதியில் போலீஸ்காரர்களுக்குப் பூட்ஸ் தைக்கும் ஒருவரிடம் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பழைய செய்தித்தாளின் மேல் நின்றோம். அவர் பென்சிலால் காலைச் சுற்றி வரைந்துகொண்டார். பூட்ஸ் அருமையாக வந்தது. போட்டு நடந்தால் பிடித்த பிடி. பெருமை தாங்கவில்லை எங்களுக்கு. ஊட்டியில் வேலை பார்த்த என் தங்கை அனுப்பிய கம்பளிக் காலுறைகள் அப்புறம்தான் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடவேண்டும் என்பது வழிகாட்டியின் உத்தரவு. இரண்டைப் போட்டதும் கால் சுரைக்காய் மாதிரி ஆகிவிட்டது. பூட்ஸுக்குள் பாதிகூட இறங்கவில்லை. சேலத்து வெயிலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் பூட்ஸுக்கு அளவு கொடுக்கும்போது காலுறையையும் சேர்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

“நான் காலைத்தானுங்க அளந்தேன். இத்தனை கம்பளியை எங்கிருந்துங்க புடிச்சுட்டு வந்தீங்க?” என்று அந்தப் பூட்ஸ்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுபடியும் செய்தித்தாளை விரித்தார். இந்தத் தடவை மார்ச் மாத வெயிலில், இரண்டு காலுறையும் போட்டுக்கொண்டு, கடைக்கு முன்னால் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்க நின்றோம். வேர்த்து ஊற்றியது. ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த சந்தோஷம் மலையில்கூட இருந்ததா என்று சந்தேகம்தான்.

பயிற்சிக்கு ஞாயிறு மாலைகளில் திருச்செங்கோட்டு மலைப்படி. பழைய லாரித் தார்ப்பாயில் தைத்த பையில் பத்துப்படி அரிசியைப் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவோம். இரண்டு பெண்கள் மூட்டையோடு ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். வழியில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு அம்மா பூகோள டீச்சரின் காலைத் தொட்டுக் கும்பிடவே வந்துவிட்டார்.

“என்ன வேண்டுதலுங்க?”

“மலை ஏறோணுமுன்னு வேண்டுதலுங்க” என்றார் பூகோள டீச்சர், மூச்சு வாங்க.

“அதான் ஏறிட்டீங்களே சாமி!” என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிரித்துச் சிரித்து ஒரு படி ஏறமுடியவில்லை. பூகோள டீச்சர் அப்படிச் சிரித்து நான் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. இவரை எப்படியும் பனியில் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்தது அன்றைக்குத்தான்.

மறுவாரம் நானே அவரை இழுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் போனேன். அண்ணன் நல்ல உயரம், முறுக்கிய மீசை, அளந்து பேசுகிறவர். படிவத்தை வாங்கினார், படித்தார், மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் பங்காளிகள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் ஆரம்பித்தார்.

“ஏப்பா, புருசன் இல்லாத புள்ளை கால்சட்டை போட்டுட்டு வடக்க மலை ஏறப் போகுதாமா? படிக்க வச்சே, சரி. ஊரை விட்டு உத்தியோகம் பாக்கட்டும்ன, அதுவும் சரி. இதுக்கும் சரின்னு சொன்னா, நாளைக்கு நம்ம ஊட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?”

எனக்குச் சுருக்கென்றது. “கால்சட்டை நானும்தான் போடப்போகிறேன்” என்று ஆரம்பித்தேன். பூகோள டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அண்ணன் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க ஒண்ணு சொல்றீங்க, அம்மிணி ஒண்ணு சொல்றா. நான் என்னத்தைச் சொல்றது? வர்ற வெள்ளிக்கிழமை ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்.”

அந்தப் பக்கத்தில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. பெண் பார்ப்பதற்கு, கிணறு வெட்டுவதற்கு, ரிக் வண்டி வந்து போர் போடுவதற்கு எல்லாவற்றுக்கும் குலதெய்வத்திடம் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அதோடு பேச்சை விட்டுவிடவேண்டும். யாரும் மறுபடி வாய் திறக்கமாட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையெழுத்துப் போட மனசில்லாத மனுஷன் தப்பித்துக்கொள்ள அம்மனைக் கூப்பிடுகிறார் என்று பஸ்ஸில் திரும்பும்போது வாய்விட்டே சொன்னேன். அவர் மீசையைக்கூட விட்டுவைக்கவில்லை. பூகோள டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார். அழுகிறார் என்று சேலம் வந்த பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். சிறிய கோவில், பக்கத்தில் வேப்பமரம், ஒரு கிணறு. குடும்பத்துக்குப் பெரியவர் என்பதால் அண்ணன்தான் பூப் பறித்து, பொட்டலம் கட்டி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பங்காளிகள் கைகட்டி நின்றார்கள். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். நான் எனக்குத் தெரிந்த மாதாவை எல்லாம் கூப்பிட்டேன்.

வெள்ளை நந்தியாவட்டை.

பூகோள டீச்சர் இரண்டு கையையும் நீட்டி அந்தப் பூவை வாங்கிக்கொண்டார். ஆட்சேபம் சொன்ன பெரியவர்தான் முதலில் திருநீறு பூசிவிட்டார். அண்ணன் அங்கேயே, தட்டைத் திருப்பி அதன்மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மற்றப் பொட்டலத்தை அண்ணி என் கையில் கொடுத்து, “இதைப் பிரிக்கக் கூடாதுங்க டீச்சர், அப்படியே கெணத்துல போட்டுருங்க” என்றார்.

எனக்கு ஒன்றைப் பிரிக்கக்கூடாது என்று சொன்னால் போதும். கிணற்றுவரை போனேன், குனிந்தேன், பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பூகோள டீச்சர் அன்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். தனியாகச் சேலம் திரும்பும் பஸ்ஸில், மடியில் வைத்துப் பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

அடி கள்ளி, என்று பூகோள டீச்சரை மனசுக்குள் கொஞ்சினேன். அழுத அழுகை என்ன, செய்த காரியம் என்ன! எப்படியோ மாற்றி வைத்துவிட்டார் என்று முடிவுகட்டி, அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மறுபடி அரிசி மூட்டையோடு திருச்செங்கோட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். கேலியாகக் கேட்டேன், “டீச்சர், சிவப்பு வந்திருந்தா என்ன செய்திருப்பீங்க?”

“அத்தோட விட்டிருப்பேனுங்க. இந்த மூட்டையை எறக்கி அரிசியைச் சோறாக்கித் தின்னிருப்பேன்” என்றார். அப்புறம் முந்தானை முடிச்சைக் காட்டினார். பூசாரி கொடுத்த பூ காய்ந்து அதற்குள் இருந்தது. “ஆத்தாளே போன்னு சொன்னதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்லீங்க டீச்சர். செத்தாலும் பரவாயில்லீங்க.”

அந்த முகத்தில் பொய் இல்லை. அவருக்கு ஒன்றுமே தெரியாது. அப்படியானால் பொட்டலம் கட்டிய கை யாருடையது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பஸ்ஸில் நான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

புறப்படும் நாள் சேலம் ஜங்ஷனுக்கு அண்ணன் வந்திருந்தார். ஒரு தூக்குவாளி நிறையக் கச்சாயப் பலகாரம், இரண்டு கம்பளி. மெட்ராஸ் ரயில் வர நேரம் இருந்தது. பூகோள டீச்சர் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணா, அன்னைக்குக் கொடுத்த பொட்டலத்தை நான் கிணத்துல போடலைங்க.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், “பிரிச்சுட்டீங்களா?”

“பிரிச்சுட்டேங்க.”

தோள் துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். பிறகு, “பதினாறு வருசத்துக்கு முந்தி அம்மிணிக்கு மாப்பிள்ளை பேசறப்பவும் பூக் கேட்டமுங்க” என்றார். “நான் படிக்கோணும், எனக்குக் கல்யாணம் வேண்டாமுன்னு அவ அழுதா. அன்னைக்கு நான்தான் பொட்டலம் கட்டுனேன். நேர்மையாத்தான் கட்டுனேன். வெள்ளைதான் வந்துச்சு. ரெண்டே வருசத்துல திரும்பி வந்து நின்னா.” மீசையைத் தடவினார். “மறுக்காவும் ஆத்தா மேல பாரத்தைப் போட எனக்கு மனசு வரலீங்க டீச்சர். அதான், நானே சரின்னு சொல்லிட்டேன். மலை ஏறி எறங்கற வரைக்குமாச்சும் அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

எனக்கு வாய் நீளம் என்றேனே, அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவர் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டேன்.

ரயில் நகர்ந்தது. அவர் ஜன்னலைப் பிடித்தபடி நாலு எட்டு நடந்துவந்தார். “ஆத்தாளே வெள்ளை குடுத்துட்டா, அப்புறமென்ன. தைரியமா ஏறு சாமி” என்றார் தங்கையிடம். என் பக்கம் திரும்பவே இல்லை.

மலையில் நான் கடைசி முகாமோடு படுத்துவிட்டேன். தலைவலி, வாந்தி. பி.டி. டீச்சரின் இரும்பு உடம்பெல்லாம் அங்கே செல்லாது. பூகோள டீச்சர் கால்சட்டையும் கம்பளியுமாக, இரண்டாவது தடவை தைத்த பூட்ஸில், வழிகாட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் போனார். மத்தியானம் உதடு வெடித்து, முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆத்தா குடுத்த பூவை உச்சியில வச்சுட்டு வந்துட்டேனுங்க டீச்சர்” என்றார்.

ஆத்தா கொடுத்ததில்லை, உங்கள் அண்ணன் கொடுத்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இறங்கிய பிறகும் சொல்லவில்லை, ஊர் வந்த பிறகும் சொல்லவில்லை. அண்ணன் காலமாகி இப்போது சில வருடங்கள் ஆகின்றன. அவர் கட்டிய இன்னொரு வெள்ளைப் பூ என் செபப்புத்தகத்துக்குள் பழுப்பாக ஒட்டிக்கிடக்கிறது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டட்டும். வீடு அதே அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறது.