கிரியாவின் பாதிப் பாட்டு

கணவாய் மீனின் தோலை உரிக்கும்போது கிரியா பாடுவார். கத்தியைக் கீழே வைக்க மாட்டார், தலையையும் நிமிர்த்த மாட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கையில் கணவாயின் தலையையும் மறு கையில் உடலையும் பிடித்து இழுத்துப் பிரிக்கிற அந்த இழுப்போடு பாட்டும் தொடங்கும். மெதுவாக ஏறி, ஓரிடத்தில் வளைந்து, யாரோ கதவைச் சாத்தியதைப் போலச் சட்டென்று நின்றுவிடும். பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிரியா என்பது பெயரல்ல. நாங்கள் மேடம் என்பதைப் போல, கிரேக்கத்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது. பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த, அறுபதை நெருங்கிய விதவை. கடல் வந்து, இலங்கையின் கிழக்கே எங்கள் கல்முனைக் கரையை வாரிக்கொண்டு போன அடுத்த வருடம் நான் அவரிடம் வேலைக்குப் போனேன். என் தோணியும் போய்விட்டது, வலையும் போய்விட்டது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். ஆனால் மீனின் கண்ணைப் பார்த்தே அது எப்போது கரைக்கு வந்தது என்று சொல்லிவிடுவேன். கோப்பை கழுவப் போனவன் ஒரு வருடத்துக்குள் அடுப்படியையே கையில் எடுத்துக்கொண்டேன். இன்று கல்முனைப் பிரதான வீதியில் எனக்குச் சோற்றுக் கடை இருக்கிறது, கடற்கரைப் பக்கம் ஐஸ் ஆலை இருக்கிறது. ஒருவரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்படாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பெரிய பெரிய ஆட்களோடெல்லாம் பழகியிருக்கிறேன், அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. கிரியாவைப் பற்றித்தான் தோன்றுகிறது.

அந்தப் பாட்டு கிரியாவின் தாயுடையது. தாய் சிறுமியாக இருந்தபோது கடலுக்கு அந்தப் பக்கம், துருக்கிக் கரையில் இருந்தவராம். சண்டை வந்து, ஊரே அகதியாகிப் படகேறியதாம். வந்து சேர்ந்த பிறகு ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்து போனார்கள். தாயின் நினைவில் பாட்டின் முதல் பாதிதான் தங்கியது. மிச்சப் பாதி யாரிடமாவது இருக்கும், அந்த ஊரில் பிறந்தவர்களின் பிள்ளைகள் எங்கேயாவது இருப்பார்கள் என்று கிரியா நம்பினார். எங்கே என்றுதான் தெரியாது. கடல் ஊரைக் கலைத்துப் போடுவதைக் கண்ணால் கண்டவன் நான். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடையில் குளிர்ப்பெட்டிக்கு மேலே ஒரு டிவி இருந்தது. வாரத்தில் ஒருநாள் அதில் பாட்டுப் போட்டி போகும். அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்கள் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள். நடுவர்கள் பெரிய கதிரைகளில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். பாடுகிறது கிழவியா குமரியா, பணக்காரனா பிச்சைக்காரனா, ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. குரல் பிடித்தால்தான் கதிரை திரும்பும். எனக்கு அந்த ஏற்பாடு விசித்திரமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் வாயைத் திறப்பதற்கு முன்னமே, இவர் யாருடைய மகன், எந்தக் குடி, எந்தப் பள்ளிவாசல் என்று கேட்டுவிட்டுத்தான் அவன் சொல்வதைக் கேட்போம். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரை நிறுக்கலாம் என்பது அதுவரை நான் அறியாத சங்கதி.

கிரியா அந்தப் போட்டிக்குப் போகப் போவதாகச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. போனார். இரண்டு கதிரைகள் திரும்பின. வாரக்கணக்கில் அவர்கள் கொடுத்த பாட்டுகளையெல்லாம் பாடினார். பொடியன் பெட்டைகளின் பாட்டுகள், வெள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு பாட வேண்டிய பாட்டுகள். ஒவ்வொன்றையும் கணவாய் உரிப்பதைப் போலப் பொறுமையாகப் பாடி முடித்தார். அவருடைய கண் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. நால்வர் பாடுகிற ஒரு சுற்று வரும். அதில் நாட்டு மக்கள் போனில் வாக்களித்து இரண்டு பேரை மேலே அனுப்புவார்கள். ஒரு போனிலிருந்து எத்தனை வாக்கும் போடலாம். மேலே போனவர்களுக்கு அடுத்த சுற்றில் விரும்பிய பாட்டைப் பாட அனுமதி உண்டு. அங்கே தாயின் பாதிப் பாட்டைப் பாடி, மிச்சம் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள் என்று நாட்டிடமே கேட்கப் போகிறேன் என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வெற்றிக் கிண்ணத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

வாக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் கல்முனை எழுந்து உட்கார்ந்தது. மீசை முளைக்கும் முன்னமே போஸ்டர் ஒட்டியவன் நான். எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று நித்திரையிலும் சொல்வேன். கிரியா, பாட்டு உங்கள் வேலை, வாக்கு என் வேலை என்று மார்பைத் தட்டிச் சொன்னேன். கடையில் கோப்பை கழுவியவன் காரைதீவுத் தம்பி, வாயாடி. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். அவன் கேட்டான்:

"காக்கா, நம்மட ஊரெண்டா சோறு குடுத்து வோட்டுக் கேக்கிற. இஞ்ச என்னத்தக் குடுக்கப் போறீங்க?"

"சோறுதான்டா குடுக்கப் போறன். வேறென்ன?"

கடைக்கு விடுமுறையான ஒரு நாளில், ஒரே தாலத்தில் கூடியிருந்து சாப்பிடுகிற சஹன் சோறு வைத்தேன். அந்த நகரத்தில் எங்கள் கரையோரத்து ஆட்கள் எவ்வளவு பேர் ஒளிந்து கிடந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்முனை, நிந்தவூர், காரைதீவு, தம்பிலுவில் என்று கூலிக்குப் போகிறவன், கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் எல்லாரும் கூட்டாளிமாரையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு தாலத்தைச் சுற்றி ஆறு பேர் என்று இருந்தோம். கிரியா சட்டைக் கையை மடித்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து அந்தப் பாதிப் பாட்டைப் பாடினார். பாட்டு நின்றதும் தம்பிலுவில் ஆள் ஒருவர், மிச்சம் எங்கே என்று தமிழில் கேட்டார். நான் கிரேக்கத்தில் மாற்றிச் சொன்னேன். அதைக் கேட்கத்தானே போகிறேன் என்று கிரியா சொன்னார். பிறகு நான் எழுந்து, எங்கள் ஊர் மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய மாதிரி பேசினேன். கைதட்டினார்கள். ஒருவன் கூடத் தவற மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒருவனும் தவறவில்லை. போட்டி நாளில் எல்லாருடைய போனும் வேலை செய்தது.

கிரியா மூன்றாவதாக வந்தார். ஒரு தீவிலிருந்து வந்திருந்த பொடியன் ஒருவனும் ஒரு பெட்டையும் மேலே போனார்கள்.

மறுநாள் காரைதீவுத் தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம்மட ஆட்கள் இவ்வளவு பேர் அடித்தும் எப்படி இப்படி வந்தது என்று, கடைக்கு வந்த நிந்தவூர்க்காரன் ஒருவனைப் பிடித்துக் கேட்டான்.

"எத்தின வோட்டு அடிச்ச?"

"மூணு."

"மூணும் கிரியாவுக்கா?"

"ஒண்டு கிரியாவுக்கு. மத்த ரெண்டும் அந்தப் பொடியனுக்கும் பெட்டைக்கும். வழமபோலத்தானே?"

எங்கள் மாவட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பாராளுமன்றத் தேர்தலில் எங்களுக்கு ஆளுக்கு மூன்று விருப்பு வாக்கு. ஒன்றை நம் ஊர் வேட்பாளருக்குப் போடுவோம். மற்ற இரண்டையும் பக்கத்து ஊர் வேட்பாளர்களுக்குக் கொடுப்போம். அவர்களும் அப்படியே ஒன்றை நம் ஆளுக்குத் தருவார்கள். இது ஊருக்கு ஊர் செய்துகொள்கிற மரியாதை. மூன்றையும் போடாமல் வந்தவனை, வாக்கை வீணாக்கிப்போட்டு வந்திருக்கிறான் என்று வீட்டுப் பெண்களே ஏசுவார்கள். பிரேயஸில் இருந்த எங்கள் ஆட்களும் மரியாதை தவறவில்லை. கிரியாவுக்கு ஒன்று போட்டு, மிச்சம் இரண்டையும் அந்தப் பொடியனுக்கும் பெட்டைக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு எதிராளிக்கும் வாக்குச் சேர்த்திருந்தார்கள், அதுவும் நல்ல மனதோடு. எங்கள் வாக்கால்தான் தோற்றார் என்று சொல்ல முடியாது, நாடு முழுக்கப் போட்ட வாக்கு அது. ஆனால் எங்கள் வாக்கால் அவருக்கு ஒரு முழம் கூட உயரம் ஏறவில்லை என்பது நிச்சயம்.

கிரியாவிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் வாயில் எது தங்கியது? அன்று பகலே சொல்லிவிட்டான். கிரியா கத்தியைக் கீழே வைத்தார். வேலை நடுவில் அவர் கத்தியைக் கீழே வைத்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, அந்தப் பொடியனுக்கு நானும்தான் போட்டேன் என்றார். தன்னுடைய போனிலிருந்து ஒரே ஒரு வாக்குப் போட்டதாகவும், அதை அவனுக்கே போட்டதாகவும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாயின் பாட்டு என்ன ஆனது, மிச்சப் பாதி என்ன ஆனது, நாங்கள் யாருக்காக ஓடித் திரிந்தோம் என்று சத்தம் போட்டேன். அவர் கிரேக்கத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்:

"என் வாய் எனக்கே போடச் சொன்னது. காதிடம் கேட்டேன், அது அவன் என்றது. அந்தக் காதை வைத்துத்தான் நான் பாடுகிறேன். அதனிடம் பொய் சொல்லிவிட்டு நாளைக்கு எப்படிப் பாடுவேன்?"

சொல்லிவிட்டு அடுத்த கணவாயை எடுத்தார். பாட்டு ஏறியது, வளைந்தது, வழக்கமான இடத்தில் நின்றது. அதற்குப் பிறகும் பல வருடம் அவரோடு வேலை செய்தேன். மிச்சப் பாதி கிடைக்கவில்லை. நான் ஊருக்கு வந்த பிறகு கிடைத்ததோ என்னவோ தெரியாது.

கிரியாவுக்கு மூளை பிசகியிருக்கிறது என்றுதான் ஊருக்குத் திரும்புகிற வரை நினைத்தேன். இங்கே வந்து கடை போட்டு, ஆலை போட்டு, நாலு தேர்தல் மேடைகளில் முன்வரிசைக் கதிரையில் இருந்த பிறகுதான் அந்தப் பேச்சு என்னைக் குடையத் தொடங்கியது. ஆயிரம் வாக்கைத் திருப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட என் காதிடம் கேட்டுப் போட்டதாக நினைவில்லை.

போன மாதம் இங்கே பொடியன்கள் சிலர் சேர்ந்து சிறு பிள்ளைகளுக்கு இணையத்தில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தினார்கள். போனில்தான் வாக்கு. கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி என் பேத்தி, மற்றவள் பக்கத்து ஊரான சொறிக்கல்முனைப் பிள்ளை. நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரையும் கேட்டேன். சொறிக்கல்முனைப் பிள்ளை பாடியபோது என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. கேட்டு முடித்து, கண்ணைத் திறந்து, பேத்திக்குப் போட்டேன். கடையில் நின்ற எல்லாரையும் போட வைத்தேன். ஆலையிலும் போட்டார்கள். பேத்தி வென்றாள். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் வாகனத்தில் பேத்தி என் மடியில் சாய்ந்துகொண்டு வந்தாள். எங்களில் பாட்டனை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்பா, அந்தப் புள்ளதான் நல்லாப் பாடின. என்ன?"

"ஓம்," என்றேன்.

"அப்ப நீங்க யாருக்குப் போட்ட?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவன் என்று இந்த ஊரில் எனக்குப் பெயர். பிள்ளையின் காது சரியாகத்தான் இருக்கிறது, என் வாயால் அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. தோளில் கிடந்த பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கீழே வைத்தேன்.